துணிவு என்ற சொல்லுக்குள் ஒரு வாள்

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுகிறேன். ராத்திரி இரண்டே காலுக்கு நீ அனுப்பிய டாரட் சீட்டின் படத்தை விடிந்த பிறகுதான் பார்த்தேன். மேகத்துக்குள்ளிருந்து ஒரு கை, அதில் நிமிர்ந்து நிற்கும் வாள். அதன் கீழே நீ எழுதியிருந்தது: "பதினோரு நாளில் இது ரெண்டாவது தடவை வருதுப்பா. மனத்தெளிவுன்னு அர்த்தமாம். அப்புறம் எனக்கு மட்டும் ஏன் தெளிய மாட்டேங்குது?"

உடனே போன் செய்திருக்கலாம். செய்தால் "எல்லாம் சரியாகிவிடும்மா" என்று சொல்லி முடித்துவிடுவேன் என்று தெரியும். உன் கேள்விக்கு அது போதாது. அதனால் நான்கு நாள் எடுத்துக்கொண்டு அந்தச் சீட்டைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படித்தேன். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தபடி நெடுநேரம் உட்கார்ந்தும் இருந்தேன்.

நீ எடுத்தது ஏஸ் ஆஃப் ஸ்வார்ட்ஸ். குறி பார்க்கப் பயன்படும் டாரட் கட்டில் வாள் வரிசையின் முதல் சீட்டு. நாம் ஆடும் சீட்டுக்கட்டில் இஸ்பேட்டு இருக்கிறதே, அதற்கும் இதற்கும் உறவு உண்டு. இத்தாலிய மொழியில் ஸ்பாதே என்றால் வாள்கள், ஸ்பேடு என்ற பெயர் அந்த வழியில் வந்ததுதான். டாரட்டே முதலில் ஒரு விளையாட்டு. 15-ஆம் நூற்றாண்டில் வட இத்தாலியில் ஆடிய சீட்டாட்டம் அது. குறி சொல்லும் பழக்கம் பரவலாக வந்தது 18-ஆம் நூற்றாண்டின் கடைசியில், பிரான்சில். கூர் து ஜெபெலின் என்பவர் 1781-இல் இந்தச் சீட்டுகளில் இருப்பது பண்டை எகிப்தின் ஞானம் என்று அடித்துச் சொன்னார். எகிப்தின் சித்திர எழுத்தை அப்போது உலகில் ஒருவராலும் வாசிக்க முடியாது. ஷாம்போலியோன் என்ற பிரெஞ்சு அறிஞர் அதற்கு வழி கண்டது 1822-இல்தான். படிக்கத் தெரியாத எழுத்தைப் பற்றி அவ்வளவு உறுதியாகப் பேசியிருக்கிறார். இதை ஏன் சொல்கிறேன் என்றால், உறுதியும் தெளிவும் வெளியிலிருந்து பார்க்க ஒரே மாதிரி இருக்கும். நானும் அதில் ஏமாந்திருக்கிறேன். அந்தக் கதையைப் பிறகு சொல்கிறேன்.

உன் கையில் இருப்பது 1909-இன் கடைசியில் லண்டனில் வெளியான கட்டின் வழி வந்தது. ரைடர் என்ற பதிப்பகத்தின் பெயரிலும், அதைத் திட்டமிட்ட ஆர்தர் எட்வர்ட் வெயிட்டின் பெயரிலும் பல ஆண்டுகள் அழைக்கப்பட்டது. படங்களை வரைந்தவர் பமேலா கோல்மன் ஸ்மித் என்ற பெண். "பெரிய வேலை, மிகக் குறைந்த பணம்" என்ற பொருளில் அந்த ஆண்டே நண்பருக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். 1951-இல் வறுமையில் இறந்தார். அடுத்த முறை கட்டைக் கையில் எடுக்கும்போது படத்தின் அடி ஓரத்தைப் பார். பாம்பு போல் சுருண்ட ஒரு சிறிய கையெழுத்து இருக்கும். அது அவருடையது. உன்னை ராத்திரி இரண்டு மணிக்கு விழித்திருக்க வைத்த அந்தக் கையை வரைந்தது அவர் கைதான்.

படத்துக்கு வருகிறேன். சாம்பல் வானம். அடியில் மொட்டை மலைகள். ஒரு மனிதர் இல்லை, வீடில்லை, பாதையில்லை. வாளின் நுனி ஒரு கிரீடத்துக்குள் ஏறி நிற்கிறது. கிரீடத்தின் இருபக்கமும் இரண்டு கிளைகள் தொங்குகின்றன: சமாதானத்தைக் குறிக்கும் ஒலிவம், வெற்றியைக் குறிக்கும் குருத்தோலை. கைப்பிடியைச் சுற்றி ஆறு சின்னப் பொன்துளிகள்.

டாரட் பார்ப்பவர்கள் வாள் வரிசையைக் காற்றோடும் அறிவோடும் சேர்க்கிறார்கள். ஏஸ் என்பது அந்த வரிசையின் விதை. ஆகவே புதிய எண்ணம், மூட்டம் விலகுதல், உண்மையை நேராகப் பார்த்தல் என்று பொருள் சொல்கிறார்கள். தலைகீழாக வந்தால் குழப்பம், அவசரத் தீர்ப்பு, சுடுசொல். நீ படித்தது இதுதான். ஆனால் ஒன்றைக் கவனித்தேன். வெயிட் தன் விளக்கத்தில் இந்தச் சீட்டுக்கு முதலில் சொன்னது வெற்றியை, எதிலும் அளவு மீறிய நிலையை. அன்பிலும் பகையிலும் பெரும் விசை கொண்ட சீட்டு என்றார். நாலு நாளில் நான் படித்ததில் என்னைப் பிடித்து நிறுத்தியது இந்த வரிதான். தெளிவு என்பது மெல்லிய, அமைதியான ஒரு நிலை என்று நீயும் நானும் நினைத்துக்கொண்டிருக்கிறோம். அவரோ அதில் விசையைப் பார்த்திருக்கிறார்.

இரண்டு தடவை வந்ததைப் பற்றி. உன் அப்பா கணக்குப் போடாமல் விடுவேனா? கட்டில் 78 சீட்டு. தினம் நன்றாகக் கலைத்து ஒன்று எடுத்தால், பதினோரு நாளுக்குள் ஏதோ ஒரு சீட்டு இரண்டாம் முறை வருவதற்கான வாய்ப்பு பாதிக்கும் சற்று மேல், சுமார் 52 விழுக்காடு. வேறு சீட்டு திரும்ப வந்திருந்தால் அந்தப் படத்தை அனுப்பியிருப்பாய். அதற்கும் ஒரு பொருள் கிடைத்திருக்கும், அதுவும் உனக்குப் பொருந்தியிருக்கும். போரர் என்ற உளவியலாளர் 1948-இல் தன் மாணவர்கள் 39 பேரிடம் குணத்தைச் சொல்லும் ஒரு குறிப்பைக் கொடுத்தார். ஒவ்வொருவரும் அது தனக்கென்றே எழுதியது என்று நம்பி ஐந்துக்குச் சராசரியாக 4.26 மதிப்பெண் போட்டார்கள். எல்லாருக்கும் கொடுத்தது ஒரே குறிப்பு, சோதிடப் புத்தகத்திலிருந்து எடுத்தது. பொதுவாகச் சொன்னதை நமக்கென்று தைத்துக்கொள்வது நம் மனம்தான், பாப்பா. உன்னைக் குறைத்துச் சொல்லவில்லை. நானும் அந்த 39 பேரில் இருந்திருந்தால் ஐந்துக்கு ஐந்து போட்டிருப்பேன்.

அதற்காகச் சீட்டைத் தூக்கிப் போடு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. எதிர்காலம் அதில் இல்லை என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனாலும் நல்ல படம் ஒன்று எதிரில் இருந்தால், ஓடிக்கொண்டே இருக்கும் மனம் சற்று நின்று பார்க்கிறது. எனக்கே அது நடந்தது.

நடந்தது இப்படி. தெளிவு என்ற சொல்லைப் பற்றி யோசித்துக்கொண்டிருந்தேன். நம் மொழியில் அது தண்ணீரிலிருந்து வந்த நினைப்பு. கலங்கியது தெளிகிறது, வண்டல் அடியில் படிகிறது. அங்கே நாம் செய்ய வேண்டியது ஒன்றுதான், கையை உள்ளே விட்டுக் கலக்காமல் இருப்பது. அப்படியானால் வாளுக்கு இங்கே என்ன வேலை என்று தோன்றியது. அப்போதுதான் துணி என்ற சொல் நினைவுக்கு வந்தது. துணித்தல் என்றால் வெட்டுதல். துணிதல் என்றால் முடிவெடுத்தல். பழந்தமிழில் துணிநீர் என்றால் தெளிந்த நீர். வெட்டு, முடிவு, தெளிவு மூன்றும் ஒரே சொல்லுக்குள் இருக்கின்றன! இவ்வளவு காலம் பேசிய மொழி, இதை நான் கவனித்ததே இல்லை. எங்கோ லண்டனில் வரைந்த ஒரு படம் அதைக் காட்டிக் கொடுத்தது. அன்று முழுக்க அந்தச் சந்தோஷத்திலேயே இருந்தேன்.

உனக்குச் சொல்ல வந்ததும் அதுதான். எட்டு மாதமாக ஆராய்ச்சிப் படிப்பைத் தொடர்வதா, விடுவதா என்று தவிக்கிறாய். தெளியட்டும் என்று காத்திருக்கிறேன் என்கிறாய். ஆனால் ஒவ்வொரு ராத்திரியும் ஒரு சீட்டை எடுத்துக் கேட்கும்போது நீயே கையை விட்டுக் கலக்குகிறாய். அது படியவே நேரம் கொடுக்கவில்லை. இன்னொரு பக்கம், படிந்த பிறகும் தானாக நடக்காத ஒன்று இருக்கிறது. அந்தக் கை வாளை நீட்டிக்கொண்டுதான் நிற்கிறது, யாரையும் வெட்டவில்லை. வெட்டுவதற்குப் படத்தில் ஆளே இல்லை. ஆள் நீதான்.

உன் கட்டிலிருந்து இதே வரிசையில் இரண்டாவது சீட்டை எடுத்துப் பார். கண்ணைக் கட்டிக்கொண்டு ஒரு பெண், மார்பின் குறுக்கே இரண்டு வாள்களைப் பிடித்தபடி, கடலுக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருக்கிறாள். அந்த இரண்டு கைகளும் எப்படி வலிக்கும் என்றுதான் எனக்கு முதலில் தோன்றியது. எட்டு மாதமாக உன்னை நான் பார்ப்பது அப்படித்தான். ஒன்பதாவது சீட்டில் ஒருவர் படுக்கையில் எழுந்து உட்கார்ந்து முகத்தைக் கையால் மூடியிருக்கிறார். ஒன்பது வாள்களும் பின்னால் இருட்டில் வரிசையாக இருக்கின்றன. ராத்திரி இரண்டே கால் மணி அது. அந்த நேரத்தில் எடுக்கும் எந்த முடிவையும் நம்பாதே, நல்ல முடிவாக இருந்தாலும் காலையில் ஒருமுறை பார். தூக்கம் கெட்டு எத்தனை நாளாகிறது? வாரக்கணக்கில் தூக்கமில்லை, சாப்பாடு இறங்கவில்லை, பிடித்ததெல்லாம் கசக்கிறது என்றால் அதற்குச் சீட்டும் வேண்டாம், அப்பாவின் கடிதமும் வேண்டாம். ஒரு மருத்துவரைப் பார். இதை மட்டும் கட்டளையாகவே எடுத்துக்கொள்.

என் கதையைச் சொல்கிறேன் என்றேனே. நீ ஐந்தாம் வகுப்பு படித்த நேரம். நண்பரோடு சேர்ந்து நான் நடத்திய தொழிலில் கணக்கு இடித்தது. இரண்டு வருடம் எனக்கு அது தெரியும். தெரியும் என்பதை எனக்கே சொல்லிக்கொள்ளாமல், பத்துப் பேரிடம் யோசனை கேட்டுக்கொண்டு திரிந்தேன். பத்துப் பேரும் பத்து விதமாகச் சொல்ல, எனக்கு வசதியானதை மட்டும் எடுத்துக்கொண்டேன். ஒரு நாள் சாயங்காலம் ஒரு தாளை நடுவில் மடித்து, ஒரு பக்கம் "தெரிந்தது", மறுபக்கம் "பயம்" என்று தலைப்பிட்டு எழுதினேன். பயத்தின் பக்கம் அடிவரை நிறைந்துவிட்டது. தெரிந்தது என்பதில் மூன்றே வரி. மூன்றாவது வரி இது: "இது எனக்கு முதல் வருடமே தெரியும்." அதை எழுதியபோது விரல் நடுங்கியது. முதல் வெட்டு என்மேல்தான் விழுந்தது. ஆனால் அதன் பிறகு பயத்தின் பக்கத்தைத் திரும்பப் பார்க்கத் தேவைப்படவில்லை. மூட்டம் விலகுவது என்கிறார்களே, அதை அன்றுதான் பார்த்தேன்.

அடுத்து நான் செய்ததைத்தான் உன்னிடம் இதுவரை சொன்னதில்லை. மறுநாள் காலை, வேலையாட்கள் எல்லாரும் நிற்கையில் நண்பரிடம் அந்த எண்களை ஒவ்வொன்றாகச் சொன்னேன். ஒரு எண்கூடத் தவறில்லை. அவர் ஒரு வார்த்தை பேசாமல் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போனார். ஏன் என்று நான் கேட்கவேயில்லை. கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. எண்கள் தெளிவாக இருந்தன, அவ்வளவுதான். மனிதரை நான் பார்க்கவில்லை. பார்த்துவிட்டேன் என்று உறுதியாக நம்பியிருந்தேன். அந்த வாள் நுனியில் குருத்தோலையோடு ஒலிவமும் தொங்குவதைப் பார்த்தபோது எனக்கு அவர் முகம்தான் வந்தது. வெற்றியின் கிளையை மட்டும் எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன், பாப்பா.

அதனால் உன் வழிகாட்டிப் பேராசிரியரிடம் நீ எதைச் சொல்லப் போனாலும், தொடர்கிறேன் என்றாலும் விடுகிறேன் என்றாலும், தனியாகச் சொல். அவர் சொல்வதையும் கேட்டுவிட்டு வா. விடுவதாக இருந்தால் இங்கே யாரும் உன்னை ஒரு கேள்வி கேட்க மாட்டார்கள். தொடர்வதாக இருந்தாலும் அப்படித்தான். எட்டு மாதமும் நாங்கள் என்ன நினைப்போம் என்பதும் உன் கையிலிருக்கும் இரண்டு வாள்களில் ஒன்றாக இருந்திருக்குமோ என்று அம்மா கேட்டாள். இருந்தால் அதைக் கீழே வைத்துவிடு.

இந்த வாரம் கட்டை எடுக்காதே. இந்தச் சீட்டை மட்டும் வெளியே எடுத்து மேசைமேல் நிறுத்தி வை. சனிக்கிழமை பகல் வெளிச்சத்தில், தூங்கி எழுந்த பிறகு, ஒரு தாளை நடுவில் மடித்து எழுது. "பயம்" பக்கம் எவ்வளவு நீண்டாலும் பரவாயில்லை, அதை எனக்குப் படித்துக் காட்ட வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குக் கூப்பிடு. இன்னொரு பக்கத்தில் இருக்கும் வரிகளை மட்டும் வாசி. நீ வாசித்து முடிக்கும்வரை நான் குறுக்கே பேச மாட்டேன்.

அன்புடன்,
அப்பா