மௌனப் படங்களின் வேகம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மௌனப் படக் காலத்து வித்தைக்காரர்கள் பற்றிய கட்டுரையில், அவர்கள் தடதடவென்று துள்ளுவதற்குப் பழைய கேமராதான் காரணம் என்று எழுதியிருந்தீர்கள். கேமரா பாவம். நொடிக்கு 16 ஃபிரேமில் (ஃபிரேம் என்பது சுருளில் உள்ள ஒரு தனிப்படம்) எடுத்ததை இன்றைய வழக்கப்படி 24-இல் ஓட்டினால் எதுவும் ஒன்றரை மடங்கு வேகமாகத்தான் தெரியும். அமெரிக்கக் கண்டுபிடிப்பாளர் எடிசனின் படப்பிடிப்புக் கூடத்தில் 1894-இல் எடுத்த பல படங்களிலோ கதை தலைகீழ். அங்கே கேமரா மின்மோட்டாரில் 30, 40 ஃபிரேம் வரை ஓடியது. அவற்றை 24-இல் போட்டால் ஆள் அந்தரத்தில் மிதப்பார்.

வித்தைப் படம் என்றால் சரியான வேகத்தை அதிலிருந்தே கணக்கிடலாம். புவியீர்ப்பு அன்றும் இதேதான். கையிலிருந்து 1 மீட்டர் மேலே போகும் பந்து திரும்பிக் கைக்கு வர 0.9 நொடி ஆகும். பந்து கையை விட்டது முதல் மறுபடி பிடிபடும் வரை ஃபிரேம்களை எண்ணி 0.9-ஆல் வகுங்கள். 27 ஃபிரேம் இருந்தால் வேகம் 30. 14, 15 இருந்தால் 16. பந்து போகும் உயரத்தை ஆளின் உயரத்தை வைத்துக் குத்துமதிப்பாகப் போட்டாலும் பாதகமில்லை. அதில் 10 சதவீதம் பிசகினால் விடையில் 5 சதவீதம்தான் பிசகும். பெர்லின் விண்டர்கார்ட்டன் அரங்கில் 1895 நவம்பரில் ஸ்க்ளாடனோவ்ஸ்கி சகோதரர்கள் காட்டிய ஜக்ளர் (பொருள்களை மாற்றி மாற்றி எறிந்து பிடிப்பவர்) பால் பெட்ராஸ் போன்றோரின் படங்கள் இதற்குத் தோது.

பந்து இல்லாவிட்டால் துள்ளலை எடுத்துக்கொள்ளலாம். 45 சென்டிமீட்டர் எம்பினால் காற்றில் இருப்பது 0.6 நொடி. ஆனால் எடிசனுக்காக 1894 ஜூலையில் தொய்வுக் கம்பியில் (இறுக்கிக் கட்டாமல் தொய்வாக விட்ட கம்பி) ஆடிக்காட்டிய கைசெடோவின் படத்தில் கவனம் தேவை. கால் கம்பியில் இருக்கும்வரை கம்பியும் சேர்ந்து தாழ்ந்து உந்தும். அந்த நேரத்தைச் சேர்த்தால் கணக்கு கெட்டது. பாதம் கம்பியை விட்டுப் பிரிந்த ஃபிரேமிலிருந்து மீண்டும் தொடும் ஃபிரேம் வரைதான் எண்ண வேண்டும். கையால் சுழற்றிய கேமரா என்றால் ஒரு துள்ளலோடு நிறுத்தாமல் படத்தின் தொடக்கம், நடு, கடைசி என மூன்று இடத்திலாவது பாருங்கள். சுழற்றும் கை ஒரே சீராக இருந்திருக்காது.

இணையப் பிரதிகளில் இன்னொரு வம்பு. 16-ஐ 24 ஆக்க ஒன்றுவிட்டு ஒரு ஃபிரேமை இரட்டித்திருப்பார்கள். இரட்டைகளைக் கழித்துவிட்டு எண்ணுங்கள். செயற்கை நுண்ணறிவு வைத்து 60 ஃபிரேமாக 'மெருகேற்றிய' பிரதியைத் தொடவே வேண்டாம்: இடைப்பட்ட படங்கள் கணினி வரைந்தவை, வேகமாகப் போகும் பந்து பாதியில் கரைந்துவிடும்.

இனி இத்தகைய படங்களுக்கு இணைப்பு தரும்போது, எத்தனை ஃபிரேமில் பார்க்க வேண்டும் என்பதையும் அச்சிட்டால் உதவியாக இருக்கும்.

இப்படிக்கு,
வாசகர், திருச்சி