அம்மாவுக்கு, லெய்டனிலிருந்து

மார்ச் 20

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் நல்ல சுகம். பனையேற்று தொடங்கியாச்சு என்று தம்பி சொன்னான். அப்பாவுக்கு முழங்கால் வலி எப்படி இருக்கு? இதை, பதநீர் காய்ச்சுகிற விடிலிக்குள் வைத்துப் படிக்காதே, புகையில் கண் எரியும். சாயங்காலம் தம்பியை வாசிக்கச் சொல்லிக் கேள்.

போன வாரம் நீ கேட்டாயே, "அம்புட்டு தூரம் போயி ஐஸையா பாத்துக்கிட்டு இருக்க?" என்று. போனில் எனக்குச் சொல்ல வரவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

நெதர்லாந்தில் இருக்கிற இந்த ஊரில் மலையே கிடையாது. எங்கே திரும்பினாலும் வாய்க்கால், சைக்கிள், மழை. ராதாபுரம் போகிற வழியில் நிற்கிற காற்றாடி மாதிரி இங்கே ஊருக்குள்ளேயே ஒன்று உண்டு, 1743-ல் மாவு அரைக்கக் கட்டியது. காலையில் பெரிய ஆட்கள்கூட ரொட்டியில் வெண்ணெய் தடவி, மேலே சாக்லேட் துகளைத் தூவித் தின்கிறார்கள். நான் நீ கொடுத்துவிட்ட கருப்பட்டியைச் சீவித் தூவிக்கொள்கிறேன்.

இப்போது ஐஸ் விஷயம். நம் குடம் அளவில் ஓர் எஃகுப் பாத்திரம். உள்ளே இருக்கிற காற்றை எல்லாம் உறிஞ்சி எடுத்துவிட்டு, நடுவில் ஒரு ரூபாய் நாணயம் அளவுக் கண்ணாடியை மைனஸ் 261 டிகிரிக்குக் குளிர வைக்கிறோம். அதன்மேல் தண்ணீர் ஆவி, மெத்தனால், அம்மோனியா, கார்பன் மோனாக்சைடு இவற்றைக் கொஞ்சம் கொஞ்சமாக விடுவோம். தலைமுடியைவிட மெல்லிசாக ஐஸ் படியும். நட்சத்திரங்களுக்கு நடுவே இருட்டான மேகங்கள் உண்டு. அங்கே உன் விடிலிப் புகையின் கரித்துகள் அளவே இருக்கிற தூசியின்மேல் இதே மாதிரிதான் ஐஸ் படிகிறது. அதன்மேல் புறஊதா வெளிச்சம் படும். இங்கே ஒரு மணி நேரம் விளக்கு எரிந்தால், அந்த மேகத்துக்குள் லட்சக்கணக்கான வருஷம் கிடைக்கிற வெளிச்சத்துக்குச் சமம்.

வெளிச்சம் பட்டதும் மூலக்கூறுகள் உடையும். உடைந்த துண்டுகள் அந்தக் குளிரில் அசைய முடியாமல் கிடக்கும். மெல்ல மெல்லச் சூடாக்கினால் நகர்ந்து ஒன்றோடொன்று ஒட்டும், தண்ணீரெல்லாம் ஆவியாகிப் போய்விடும். கடைசியில் கண்ணாடியில் மஞ்சளும் பழுப்புமாக ஒரு கறை மிஞ்சும். முதல் தடவை பார்த்தபோது, பாகு இறக்கின பிறகு உன் தாச்சி ஓரத்தில் ஒட்டியிருக்குமே, அதுதான் ஞாபகம் வந்தது. ஆனால் பதநீரில் சர்க்கரை முதலிலேயே இருக்கு, நீ தண்ணீரைத்தான் ஓட்டுகிறாய். இங்கே போட்டதில் இல்லாத பொருள் புதிதாக வருகிறது. 2002-ல் இதே ஊர் ஆய்வகத்தில் அந்தக் கறையை அமிலத்தில் போட்டுப் பிரித்துப் பார்த்து 16 அமினோ அமிலங்களைக் கண்டார்கள். நம் உடம்பின் புரதமெல்லாம் அமினோ அமிலங்கள் கோத்ததுதான். அதே சமயம் அமெரிக்காவில் நாசாக்காரர்களும் தனியாகச் செய்து மூன்றைக் கண்டார்கள்.

என் கறையிலும் போன மாதம் செரின் என்ற ஒன்று நிறைய வந்தது. ராத்திரி தூக்கமே வரவில்லை, அவ்வளவு சந்தோஷம். மறுநாள் பார்த்தால் அது என் விரலிலிருந்து வந்தது! அமினோ அமிலத்துக்கும் இடக்கை, வலக்கை உண்டு அம்மா, ஒன்று மற்றதன் கண்ணாடிப் பிம்பம் மாதிரி இருக்கும். உயிருள்ளவை புரதம் கட்டுவது இடக்கையை வைத்துத்தான். ஐஸில் தானாக உண்டாவது இரண்டும் சரிபாதி. என்னுடையதில் இடக்கையே அதிகம் இருந்தது. ஒரு வார வேலை போச்சு. ஒரு கலயம் புளித்தாலும் தாச்சியே கெட்டுப்போகும் என்று ஒவ்வொன்றாக முகர்ந்து பார்த்து ஊற்றுவாயே, அதை நினைத்துக்கொண்டேன். இப்போது வெளிச்சம் போடாமலே எல்லாவற்றையும் ஒரு தடவை செய்து, ஒன்றும் வரவில்லை என்று பார்த்த பிறகுதான் விளக்கைப் போடுகிறேன். அதோடு எடை கூடிய கார்பனை வைத்துச் செய்கிறோம். வருவதில் அந்த எடை இருந்தால் அது என் விரலுடையது இல்லை.

அப்பாவிடம் இதைச் சொல்லு. 1969 செப்டம்பரில் ஆஸ்திரேலியாவில் மர்ச்சிசன் என்ற ஊரில் வானத்திலிருந்து கல் விழுந்தது, மொத்தம் ஏறக்குறைய 100 கிலோ. மறுவருஷம் அதில் அமினோ அமிலம் கண்டவர்களில் ஒருவர் சிரில் பொன்னம்பெருமா. இலங்கையில் காலியில் பிறந்து, நம் மெட்ராஸ் பல்கலைக்கழகத்தில் தத்துவம் படித்தவர்! அந்தக் கல்லிலும் இடக்கையும் வலக்கையும் ஏறத்தாழச் சமமாக இருந்தன. பூமியில் உயிர்கள் அனேகமாகப் பயன்படுத்தாத வகைகளும் இருந்தன. அதனால்தான் தொட்டவர் கையிலிருந்து வந்ததில்லை என்று அடித்துச் சொல்ல முடிந்தது.

கீழே விழுந்த கல் என்றால் எப்போதும் இந்தச் சந்தேகம் வரும். அதற்காகவே பென்னு என்ற சிறுகோளுக்கு ஒரு விண்கலத்தை அனுப்பி, 2023 செப்டம்பரில் 121.6 கிராம் மண்ணை மூடி முத்திரையிட்டுக் கொண்டுவந்தார்கள். நம் உடம்பு பயன்படுத்துகிற 20 அமினோ அமிலங்களில் 14 அதில் உண்டு. மரபணுவில் எழுத்து மாதிரி வருகிற ஐந்து மூலக்கூறுகளும் உண்டு. 2025 ஜனவரியில் அறிவித்தார்கள். அதிலும் இரண்டு கையும் சரிபாதி. அந்த அறிக்கையைப் படித்த அன்றைக்கு நான் ஆய்வகத்தில் ஒருவரோடும் பேசவில்லை, உன்னிடம்தான் முதலில் சொல்லணும் என்று தோன்றியது.

சித்திரையில் வரமுடியாது, ஆடிக்கு வருகிறேன். அதற்குள் எனக்காக ஒரு வேலை செய். பதநீர் கொதிக்கத் தொடங்கியதிலிருந்து எவ்வளவு நேரத்தில் நிறம் திரும்புகிறது, எப்போது ஆமணக்கு முத்தைத் தட்டிப் போடுகிறாய், எப்போது சிரட்டையில் ஊற்றுகிறாய் என்று நீ சொல்லச் சொல்லத் தம்பி நோட்டில் எழுதட்டும். நான் இத்தனை வருஷம் உன் பக்கத்திலேயே இருந்தும் ஒருநாளும் நேரம் பார்த்ததில்லை.

அன்புடன்,
உன் மகள்