'ஹெல்லாஸ்' எழுதிய பிள்ளைக்கு மதிப்பெண் கொடுங்கள்: வினாத்தாள் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய குழுவினருக்கு, வணக்கம்.

அந்த ஒரு மதிப்பெண் கேள்வியைப் பற்றித்தான் மறுபடியும் எழுதுகிறேன். 'பண்டைய கிரேக்கர்கள் தங்கள் நாட்டை எவ்வாறு அழைத்தனர்?' உங்கள் விடைக்குறிப்பில் 'கிரீஸ்' என்று இருக்கிறது. நேரில் சொல்லியாயிற்று, கடிதமும் கொடுத்தாயிற்று. பதில் வராததால் எல்லோரும் படிக்கும்படி எழுத வேண்டியதாகிவிட்டது.

என் மாணவி ஒருத்தி 'ஹெல்லாஸ். மக்கள் தங்களை ஹெல்லேனியர் என்றனர்' என்று எழுதியிருந்தாள். நூலகத்தில் தானாகத் தேடிப் படித்தது. அதன் மேல் சிவப்பு மையில் ஒரு கோடு, ஓரத்தில் 'பாடத்தில் இல்லை'. 'தவறு' என்று எழுதத் திருத்தியவருக்கே மனசு வரவில்லை போலிருக்கிறது. "இனிமே புத்தகத்துல இருக்கறத மட்டும் எழுதிடறேன் சார்" என்று சொல்லிவிட்டுத் தாளை மடித்து வைத்துக்கொண்டாள். ஒரு மதிப்பெண் போனதைவிட இதுதான் எனக்கு உறுத்துகிறது.

'கிரீஸ்' ரோமானியர்களின் லத்தீன் வழியாக வந்த பெயர். 'கிரைகோய்' என்றொரு பெயர் கிரேக்கத்திலும் உண்டு, மறுக்கவில்லை. வடமேற்குக் கிரேக்கத்தில் டோடோனா பக்கத்து மக்களை முன்பு அப்படி அழைத்தார்கள், இப்போது ஹெல்லேனியர் என்கிறார்கள் என்று அரிஸ்டாட்டில் எழுதுகிறார். அதாவது கி.மு. 4ஆம் நூற்றாண்டிலேயே அது பழங்கதை.

ஹெல்லாஸும் ஆதியில் தெசாலிப் பக்கத்து ஒரு பகுதியின் பெயர்தான். ஹோமரின் போர்க்காவியமான இலியட்டில் ஹெல்லேனியர் என்றால் அக்கிலீஸ் என்ற வீரனின் ஆட்கள் மட்டும்தான். மொத்தக் கிரேக்கப் படையையும் சொல்லும்போது ஹோமர் அக்கேயர், ஆர்கைவர், தனாயர் என்றுதான் சொல்கிறார். இதைக் கிரேக்க வரலாற்றாசிரியர் தூசிடிடீஸ் கி.மு. 5ஆம் நூற்றாண்டிலேயே கவனித்துக் குறித்து வைத்தார். பிறகு அந்தப் பெயர் எல்லோருக்கும் பரவியது. ஒலிம்பிக் நடுவர்களுக்கே 'ஹெல்லனோடிகாய்' என்று பெயர். சொல்லப்போனால் கேள்வியில் உள்ள 'நாடு' என்பதே இடிக்கிறது. ஏதென்ஸ் தனி அரசு, ஸ்பார்ட்டா தனி அரசு. மொழியும் தெய்வங்களும் பொதுவாக இருந்தன, ஆட்சி பொதுவாக இல்லை. சரி, ஒரு மதிப்பெண் கேள்வியிடம் இவ்வளவு எதிர்பார்க்கக் கூடாதுதான்.

பாரசீகர்கள் அயோனியர் என்ற ஒரு கிரேக்கப் பிரிவின் பெயரை 'யௌனா' என்று அத்தனை பேருக்கும் சூட்டினார்கள். அதுதான் யவனர் என்றாகி, அகநானூற்றில் பொன்னோடு வந்து மிளகோடு திரும்புகிறது. விடைக்குறிப்பில் 'யவனம்' என்று போட்டிருந்தாலும் தப்புதான். நம்ம ஊர்த் தப்பு என்று மன்னித்திருப்பேன்.

மறுகூட்டலுக்குப் பணம் கட்டச் சொல்கிறார்கள். ஐயா, கூட்டலில் பிழை இல்லை. பிழை உங்கள் விடைக்குறிப்பில் இருக்கிறது. அதைத் திருத்த மாணவி ஏன் பணம் கட்ட வேண்டும்? வழிகாட்டிப் புத்தகம் சொல்வதை உங்கள் விடைக்குறிப்பு சொல்கிறது, உங்கள் விடைக்குறிப்பைப் பார்த்து அடுத்த வழிகாட்டி அச்சாகிறது. நடுவில் கிரேக்கர்களை யாரும் கேட்பதில்லை. அந்த நாட்டுத் தபால்தலையில் இன்றைக்கும் 'ஹெல்லாஸ்' என்றுதான் இருக்கிறது, எடுத்துப் பாருங்கள்.

கோபத்தில் கொஞ்சம் நீட்டிவிட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள். விடைக்குறிப்பைத் திருத்தி, 'ஹெல்லாஸ்' என்று எழுதியவர்களுக்கு மதிப்பெண் வழங்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். 'கிரீஸ்' என்று எழுதிய பிள்ளைகளிடமிருந்து அதைப் பிடுங்க வேண்டாம். சொல்லிக்கொடுத்ததைத்தான் அவர்கள் எழுதினார்கள். அடுத்த தேர்வுக்குள் செய்தால் நல்லது.

இப்படிக்கு,
ஒரு வரலாற்று ஆசிரியர்