முதலில் யாருக்குச் சொல்வது?

கண்ணம்மா,

நீ பார்க்கச் சொன்ன, அமெரிக்கப் பாடகி செலீனா கோமஸின் 'மை மைண்ட் அண்ட் மீ' ஆவணப்படத்தை நானும் அப்பாவும் பார்த்துவிட்டோம். அப்பா பாதியில் எழுந்து போய்விட்டு, மறுநாள் மீதியைத் தனியாக உட்கார்ந்து பார்த்தார். அவர் வாயிலிருந்து எதுவும் வராது, உனக்குத் தெரியாததா? போனில் நான் பேச ஆரம்பித்தால் நீ "சரிம்மா, சரிம்மா" என்று முடித்துவிடுவாய். அதனால்தான் எழுதுகிறேன்.

நீ அந்தப் பெண்ணைப் பார்க்கச் சொன்னாய். என் கண்ணெல்லாம் அவள் அம்மா மேலேயே இருந்தது. 2018-ல் மகள் மனம் நிலைகுலைந்து மருத்துவமனையில் இருக்கிறாள். பெற்றவளுக்கு அந்தச் செய்தி யார் மூலம் வருகிறது? பிரபலங்களின் பின்னால் அலையும் ஒரு செய்தித்தளத்திலிருந்து போன் வருகிறது, உங்கள் மகளுக்கு என்ன ஆயிற்று என்று. மகளோ அம்மா சொல்வது எதையும் கேட்கிற நிலையில் இல்லை. அவள் செத்துப்போய்விடுவாளோ என்று பயந்தேன் என்கிறார் அந்த அம்மா. அங்கே படத்தை நிறுத்திவிட்டு நான் கொஞ்ச நேரம் சும்மா இருந்தேன்.

இப்போது உன் விஷயத்துக்கு வருகிறேன். அவளால் முடிந்தது உன்னாலும் முடியும், உனக்கு பைபோலார், அதாவது மனம் உச்சத்துக்கும் ஆழத்துக்கும் மாறி மாறிப் போகிற நோய், இருப்பதை எல்லாரும் படிக்கும்படி எழுதப்போகிறாய் என்றாய். எழுது, நான் தடுக்கமாட்டேன். நாலு பேர் என்ன பேசுவார்களோ என்பதும் என் கவலை இல்லை. ஆனால் அந்தப் படத்தின் ஆண்டுகளைக் கொஞ்சம் கவனி. 2016-ல் அவளுடைய இசைப்பயணத்தைப் படமெடுக்கத்தான் கேமராவே வந்தது, அந்தப் பயணம் பாதியில் நின்றுபோனது. 2017-ல், உடம்பின் எதிர்ப்புச் சக்தி உடம்பையே தாக்குகிற லூபஸ் நோயால் கெட்டுப்போன சிறுநீரகத்துக்கு மாற்று, தோழி ஒருத்தி கொடுத்தது. மருத்துவமனையில் சேர்ந்தது 2018. தனக்கு பைபோலார் என்று வாய்விட்டுச் சொன்னது 2020 ஏப்ரலில், பாடகி மைலி சைரஸின் இணைய நிகழ்ச்சியில். படம் வந்ததோ 2022 நவம்பரில். ஊருக்குச் சொல்லும் முன்னால் அவளுக்குத் தேறிவர நேரம் கிடைத்திருக்கிறது. உனக்கு மருந்தே இப்போதுதான் பிடிபட ஆரம்பித்திருக்கிறது.

இன்னொன்று, அவளை வேலையை விட்டு அனுப்ப ஆளில்லை. ரேர் பியூட்டி என்ற அழகுசாதனக் கம்பெனி அவளுடைய சொந்தக் கம்பெனி. விற்பனையில் ஒரு சதவீதம் மனநலத்துக்கான நிதிக்குப் போகிறதாம், பத்து வருஷத்தில் 10 கோடி டாலர் திரட்டுவது இலக்காம். லிப்ஸ்டிக் விற்கிற இடத்தில் மனநோயும் பேசப்படுவது எனக்குக் கொஞ்சம் உறுத்தத்தான் செய்தது. ஆனால் பணம் போய்ச் சேருகிற இடம் நல்ல இடம், அதனால் வாயை மூடிக்கொள்கிறேன். உனக்கு மேலே ஒரு மேனேஜர் இருக்கிறார், வருஷக் கடைசியில் மதிப்பீடு இருக்கிறது. அவர் நல்லவரா கெட்டவரா என்பது நீ சொன்ன பிறகுதான் தெரியும், சொன்னதைத் திரும்ப வாங்கவும் முடியாது.

அந்த 2020 பேச்சில் அவள் ஒரு விஷயம் சொல்லியிருக்கிறாள். சின்ன வயதில் இடி என்றால் நடுங்குவாளாம். அம்மா இடி மின்னல் பற்றிய புத்தகங்களாக வாங்கிக் கொடுத்து, தெரிந்துகொண்டால் பயம் குறையும் என்றாராம். பைபோலாரையும் அப்படித்தான் தெரிந்துகொண்டேன் என்கிறாள். எனக்கு அந்த அம்மாவை ரொம்பப் பிடித்துப்போனது அங்கேதான்.

நானும் படிக்கிறேன். உனக்குக் கொடுக்கிற லித்தியத்தை இந்த நோய்க்குக் கொடுத்துப் பார்த்து 1949-ல் எழுதியவர் ஜான் கேட் என்ற ஆஸ்திரேலிய டாக்டர். இத்தனை வருஷம் ஆகியும் அது நிலைத்து நிற்கிறது. ஆனால் போதுமான அளவுக்கும் அதிகமான அளவுக்கும் நடுவே இடைவெளி குறைவு, அதனால்தான் அடிக்கடி ரத்தம் எடுக்கிறார்கள். வாந்தி, வயிற்றுப்போக்கு, காய்ச்சல் வந்து உடம்பில் நீர் வற்றினால் ரத்தத்தில் அளவு ஏறிவிடும். இப்யூப்ரோஃபென் மாதிரி சாதாரண வலி மாத்திரைகூட ஏற்றிவிடும். கை அதிகமாக நடுங்கினால், நடை தள்ளாடினால், பேச்சு குழறினால் உடனே டாக்டரிடம் போக வேண்டும். இதெல்லாம் உன் அறையில் இருக்கிற அந்தப் பெண்ணுக்குத் தெரியுமா? நீ தலைவலி என்றால் தன் பையிலிருந்து மாத்திரையை எடுத்து நீட்டப்போகிறவள் அவள்தானே.

தூக்கமும் அப்படித்தான். மூன்று மணி நேரம் தூங்கிவிட்டு அலுப்பே இல்லாமல் நீ துள்ளிக்கொண்டு திரிந்தால், உனக்கு அது நோயாகவே தெரியாது, வாழ்க்கையிலேயே நல்ல நாளாகத் தெரியும். மருந்து இனி எதற்கு என்று தோன்றுவதும் அந்த நாட்களில்தான். உன் பதிவுக்கு இதயம் போடுகிற ஆயிரம் பேருக்கு அது தெரியாது. ராத்திரி இரண்டு மணிக்கு உன் அறையில் விளக்கு எரிவதைப் பார்க்கிறவளுக்குத்தான் தெரியும். அவளிடம் முதலில் சொல். என் நம்பரையும் உன் டாக்டர் நம்பரையும் அவளிடம் கொடுத்து வை.

படம் வந்த சமயத்தில் ஒரு பேட்டியில், பைபோலாருக்கு எடுக்கும் மருந்துகளால் தன்னால் குழந்தையைச் சுமக்க முடியாமல் போகலாம் என்று அவள் சொன்னதை நீயும் படித்திருப்பாய். நீ அதைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசாததால்தான் கேட்கிறேன். அது அவளுடைய உடம்பு, அவளுடைய மருந்து. பைபோலாருக்குக் கொடுக்கிற இன்னொரு மருந்தான வால்புரோயேட் கர்ப்பத்துக்கு ஆகவே ஆகாது என்கிறார்கள், உனக்குக் கொடுப்பது அது இல்லை. லித்தியத்திலும் ஆபத்து உண்டு, அளவைப் பொறுத்து மாறும், முன்கூட்டியே திட்டமிட்டுப் பெற்றுக்கொண்டவர்களும் நிறைய இருக்கிறார்கள். எப்போதாவது ஆசை வந்தால் முதலில் டாக்டரிடம் பேசு. நீயாக ஒரு நாளும் மாத்திரையை நிறுத்தாதே.

தம்பிக்கும் இந்தப் படத்தின் லிங்க்கை அனுப்பியிருக்கிறாய் போல. "அக்கா ஏன்மா இதை எனக்கு அனுப்பினா?" என்று கேட்டான். அவளையே கேள் என்று சொல்லிவிட்டேன். இந்த வாரம் அவனுக்குப் பரீட்சை, சனிக்கிழமை முடிகிறது. ஞாயிற்றுக்கிழமை நீயே அவனைக் கூப்பிடு.

அம்மா