எங்கள் ஊர் அங்கன்வாடிக்கு ஒரு நன்றி மடல்

மதிப்பிற்குரிய டீச்சர் அவர்களுக்கும், பிள்ளைகள் ஆயாம்மா என்று அழைக்கும் உதவியாளர் அக்கா அவர்களுக்கும் வணக்கம்.

ஆடி மாதத்தில் எங்கள் வீட்டில் நேர்ந்தது ஊரே அறிந்தது; அதை மறுபடி எழுத என்னால் இயலவில்லை. அதன்பின் என் மூன்றரை வயது மகன் பேச்சை நிறுத்தியதையும், உடன் அமரும் பிள்ளைகளைக் கடிக்கத் தொடங்கியதையும் நீங்களே கண்டீர்கள்.

அக்கா, வாசலில் என் காலைக் கட்டிக்கொண்டு அவன் கதறிய காலையில், "அழாதே" என்று நீங்கள் சொல்லவில்லை. உங்கள் முந்தானை நுனியை அவன் கையில் கொடுத்து, "இதப் பிடிச்சுக்கோ சாமி, நான் போற இடமெல்லாம் நீயும் வா" என்றீர்கள். ஏறக்குறைய மூன்று வாரங்கள், பாய் விரிக்கும்போதும் கூட்டிப் பெருக்கும்போதும் அவனை இழுத்துக்கொண்டே நடந்தீர்கள். அடுப்படிக்குப் போகும்போது மட்டும் டீச்சரின் சேலை நுனி அவன் கைக்கு மாறும். பிறகு ஒரு முட்டை நாளில், தட்டுகளை எடுத்துக் கொடுக்க இரண்டு கையும் தேவைப்பட்டதால், அவனாகவே முந்தானையை விட்டான் என்று நீங்கள் சொன்னபோது, நான் வண்டியை ஓரங்கட்டி நிறுத்திவிட்டு அழுதேன்.

டீச்சர், அவன் கடித்தபோதெல்லாம் கடிபட்ட பிள்ளையை முதலில் தேற்றிவிட்டு, பிறகு அவன் உயரத்துக்குக் குனிந்து, "கோவமா, அம்மா நெனப்பு வந்துருச்சா?" என்று கேட்டீர்கள். சென்ற வாரம் இரவில் அவன் என்னிடம், "எனக்குக் கோவம் இல்லப்பா, அம்மா நெனப்பு" என்றான். அந்த வேறுபாட்டைச் சொல்லும் சொற்கள் எனக்கே அதுவரை வாய்க்கவில்லை.

அங்கன்வாடிகளை நடத்தும், 1975 அக்டோபர் 2 அன்று தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டத்தின் நோக்கங்களில், குழந்தையின் உடல் வளர்ச்சியோடு மன வளர்ச்சிக்கும் சமூக வளர்ச்சிக்கும் அடித்தளமிடுவதும் உண்டு என்பதை அண்மையில்தான் அறிந்தேன். சத்துமாவும் மதிய உணவும் தரும் இடம் என்று மட்டுமே நான் எண்ணியிருந்தது பெரும் பிழை.

கடிபட்டும் குறை சொல்லாத பிள்ளைகளின் பெற்றோர், கிராம சுகாதாரச் செவிலியர், மாலைகளில் அவனைப் பார்த்துக்கொண்ட அண்டை வீட்டார் அனைவருக்கும் என் நன்றி.

"ஆம்பளப் பிள்ளை அழலாமா" என்று அவனிடம் நான் பலமுறை கேட்டிருக்கிறேன். இனி ஒருபோதும் கேட்க மாட்டேன். அவன் அழுது முடிக்கும்வரை அருகில் உட்கார்ந்திருப்பேன்.

இப்படிக்கு,
உங்கள் மையத்துப் பிள்ளை ஒருவனின் தந்தை