அஷ்டமி நவமியில் துடுப்புப் பிடியுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கேரளத்துப் பொன்னானி முகத்துவாரத்தில் கயாக் என்னும் சிறு துடுப்புப் படகில் போய்த் தூண்டில் போடுவது பற்றி உங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். எங்களுக்கு அது ஒன்றும் அந்நிய இடமில்லை. எங்கள் ஆனைமலையை ஒட்டி ஓடும் ஆழியாற்றுத் தண்ணீர் சித்தூர் வழியாகப் பாரதப்புழையில் சேர்ந்து, கடைசியில் அங்கேதான் கடலுக்குள் போகிறது.

தூண்டில், ரீல், போலிமீன் என்று விலாவாரியாக எழுதியவர், கடல் இறங்கும் (நீர்மட்டம் தாழும்) நேரத்தில் போனால் கொடுவா கிடைக்கும் என்று ஒரே வரியோடு விட்டுவிட்டார். மீன் விஷயத்தில் அவர் சொன்னது சரி. கடல் இறங்கும்போது ஆற்றுக்குள் இருக்கும் இறாலும் பொடிமீனும் நீரோடு வெளியே வரும். கொடுவா பாறை மறைவில் அதற்காகவே காத்திருக்கும். ஆனால் கயாக்கையும் அதே நீர்தான் இழுக்கும். வெளியே பாயும் ஆறும் உள்ளே வரும் அலையும் மோதுகிற மணல்திட்டின் மேல் அலை செங்குத்தாக எழுந்து உடையும்.

நம்மவர்கள் தோட்டத்துக் கிணற்றில் நீச்சல் பழகியவர்கள். அணையில் பரிசல் ஓட்டிய சிலரும் உண்டு. எல்லாம் நின்ற தண்ணீர்ப் பழக்கம். முகத்துவாரத்தில் தூண்டில் முள்ளை மாட்டி நிமிர்வதற்குள் கரையில் வைத்த அடையாளம் எங்கோ போயிருக்கும். உடனே நங்கூரத்தைப் போட்டு, கைக்கு எட்டுகிறதே என்று கயிற்றைக் கயாக்கின் நடுப்பக்கத்தில் கட்டிவிடுகிறார்கள். கயிறு விறைத்ததும் அந்த ஓரம் அமுங்கும், தண்ணீர் ஏறும், ஆளைக் கொட்டிவிடும். முன்முனையிலோ வாலிலோதான் கட்ட வேண்டும். கயிற்றை அறுக்க ஒரு கத்தியும் பக்கத்திலேயே இருக்க வேண்டும். வீசுவதற்கு இடைஞ்சல் என்று லைஃப் ஜாக்கெட்டைக் கழற்றிப் பின்கூடையில் போடுகிறவர்களை என்ன சொல்ல!

நாள் பார்க்கக் காலண்டரே போதும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி நீரோட்டம் வேகமாக இருக்கும். அஷ்டமி, நவமி, தசமி வாக்கில் தணிந்துவிடும். புதிதாகத் துடுப்புப் பிடிப்பவருக்கு அவைதான் நல்ல நாள். வீட்டில் அம்முச்சிப் பாட்டி இருந்தால் மட்டும் சொல்லிக்கொள்ளாமல் கிளம்புங்கள். கடல் ஏற்றம் முடியும் நேரத்தில் தண்ணீரில் இறங்கி, நீர் நிற்கும்போது ஆற்றுக்குள்ளேயே தூண்டில் போட்டு, இறக்கம் வேகம் பிடிப்பதற்குள் கரையேறிவிடலாம். அந்த நேரம் நாளுக்குச் சுமார் 50 நிமிடம் தள்ளிப்போகும் என்பதால், அடுத்த முறை இப்படிக் கட்டுரை போட்டால் அந்த மாதத்து ஏற்ற இறக்க அட்டவணையையும் சேர்த்து அச்சிடுங்கள்.

அப்புறம், படத்தில் இருந்த அந்தப் பெரிய கொடுவா. கொடுவா ஆணாக வளர்ந்து, பெருத்த பிறகு பெண்ணாக மாறும் மீன். அத்தனை பெரியது பெரும்பாலும் பெண்ணாகத்தான் இருக்கும்; முட்டையிட முகத்துவாரத்துக்கு வருவதும் அதுதான். படம் எடுத்துக்கொண்டு தண்ணீரில் விட்டிருக்கலாம். குழம்புக்குச் சின்னதே போதும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
ஆனைமலை.