அமைச்சர்களின் பேரவைப் பதில்களுக்குத் தேதி வேண்டும்: பேரவைத் தலைவருக்குக் கோரிக்கை மனு

அனுப்புநர்:
வாக்காளர் ஒருவர்
(பெயர், முகவரி தனித்தாளில்)

பெறுநர்:
மாண்புமிகு பேரவைத் தலைவர் அவர்கள்,
சட்டமன்றப் பேரவை.

பொருள்: கேள்விகளுக்குப் பதிலளிக்கும்போது அமைச்சர்கள் தரும் உறுதிமொழிகளைப் பொதுமக்கள் பார்க்கும்படி வெளியிடவும், ‘பரிசீலனையில் உள்ளது’ என்ற பதிலுக்குக் காலவரம்பு வைக்கவும் வேண்டுதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம்.

இந்த மனுவோடு இரண்டு நகல்களை இணைத்திருக்கிறேன். இரண்டுமே பேரவையில் உறுப்பினர் கேட்ட கேள்விக்கு அமைச்சர் எழுத்துமூலம் அளித்த பதில்கள். ஒன்றுக்கும் மற்றொன்றுக்கும் நடுவே ஆறு வருடம் ஓடியிருக்கிறது. கேள்வி கேட்ட உறுப்பினர் மாறிவிட்டார், பதில் சொன்ன அமைச்சரும் மாறிவிட்டார். பதில் மட்டும் மாறவில்லை: “இதற்கான கருத்துரு அரசின் பரிசீலனையில் உள்ளது.” முதல் நகலில் ‘பரிசீலனை’ என்ற சொல்லில் ‘ரி’ இருக்க வேண்டிய இடத்தில் ‘ரீ’ விழுந்திருக்கிறது. இரண்டாவது நகலிலும் அதே இடத்தில் அதே ‘ரீ’. தாங்களே ஒரு முறை பார்த்துவிட வேண்டும் என்பதற்காகத்தான் இரண்டு இடங்களிலும் பென்சிலால் வட்டம் போட்டிருக்கிறேன்.

கேள்வி பெரிய கேள்வி ஒன்றும் இல்லை. எங்கள் பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்தில் இரவு நேரத்தில் மருத்துவரோ செவிலியரோ இருப்பதில்லை, இரவுப் பணிக்கு ஆள் நியமிக்க அரசு முன்வருமா என்பதுதான். அந்தக் கேள்விக்குக் காரணமான இரவு என் வீட்டில்தான் நடந்தது. பிரசவ வலி எடுத்த மருமகளை இரவு இரண்டு மணிக்கு அங்கே கொண்டுபோனோம். கதவில் பூட்டு. உள்ளிருந்து வந்த காவலாளி டார்ச் விளக்கை எங்கள் முகத்தில் அடித்து, “காலையிலதான் டாக்டர் வருவாங்க, பெரியாஸ்பத்திரிக்குப் போயிடுங்க” என்றார். அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை. அவரால் சொல்ல முடிந்தது அவ்வளவுதான். தாயும் பிள்ளையும் பிழைத்துக்கொண்டார்கள். அன்று பிறந்த பேத்தி இப்போது இரண்டாம் வகுப்புப் படிக்கிறாள்.

அப்புறம் எங்கள் சட்டமன்ற உறுப்பினரைப் பார்த்து விஷயத்தைக் கடிதமாகக் கொடுத்தேன். அவர் நல்ல மனிதர். கடிதத்தை மடித்துப் பையில் போட்டுக்கொள்ளாமல், கேள்வியாக எழுதி அனுப்பினார். பதில் வந்த அன்று அந்தத் தாளைக் கையில் வாங்கியபோது எனக்கு எவ்வளவு நிம்மதி என்று சொல்லத் தெரியவில்லை. நம் பிரச்சினை பேரவை வரைக்கும் போய்விட்டது, இனி அது தானாக நடந்துவிடும் என்று நம்பினேன். ஆறு வருடம் கழித்து இரண்டாவது தாளைப் பார்த்தபோதுதான், கேள்வி பேரவைக்குப் போனது, பதில் அங்கேயே தங்கிவிட்டது என்று புரிந்தது.

இதை என் சொந்தக் குறையாக மட்டும் தாங்கள் எடுத்துக்கொள்ளக் கூடாது. பள்ளிக்கூடத்துக்கு ஆசிரியர், ஆற்றுக்குப் பாலம், கடைசிப் பேருந்து, முதியோர் உதவித்தொகை என்று ஒவ்வொரு கூட்டத்தொடரிலும் மக்களின் அன்றாடப் பாடு கேள்விகளாகத்தான் உள்ளே வருகிறது. ஆட்சியில் இருப்பவர்களை முகத்துக்கு நேராகக் கேட்கும் உரிமை நமக்குச் சும்மா கிடைத்ததும் இல்லை. வெள்ளைக்காரர் ஆட்சியில் 1892ஆம் ஆண்டுச் சட்டம் வந்த பிறகுதான் சட்ட மேலவை உறுப்பினர்கள் கேள்வியே கேட்க முடிந்தது. அப்போதும் வந்த பதிலை வாங்கிக்கொண்டு உட்கார வேண்டியதுதான், அந்தப் பதிலின்மேல் மறுபடி கேட்கும் துணைக் கேள்வி கிடையாது. 1909இல்தான் கேள்வி கேட்டவருக்குத் துணைக் கேள்வி கேட்க அனுமதி கிடைத்தது. 1919க்குப் பிறகே மற்ற உறுப்பினர்களும் எழுந்து கேட்கலாம் என்றானது. துணைக் கேள்வி என்ற அந்தச் சின்ன உரிமைக்கே இத்தனை வருடம் பிடித்திருக்கிறது.

அந்த உரிமை என்ன செய்யும் என்பதற்கு 1957ஐ நினைத்தால் போதும். ஆயுள் காப்பீட்டுக் கழகத்தின் பணம் முந்த்ரா என்ற தொழிலதிபரின் நிறுவனப் பங்குகளில் ஏன் போடப்பட்டது என்ற விவகாரம் மக்களவையில் கேள்வியாகத்தான் தொடங்கியது. அதைக் கையில் எடுத்து விடாமல் துருவிய பெரோஸ் காந்தி, ஆளும் கட்சியைச் சேர்ந்தவர், பிரதமரின் மருமகனும்கூட. சக்லா ஆணையம் அமைக்கப்பட்டு, விசாரணை வெளிப்படையாக நடந்து, 1958 பிப்ரவரியில் நிதியமைச்சர் டி.டி.கிருஷ்ணமாச்சாரி பதவி விலகினார். அமைச்சர்கள் எல்லாரும் பதவி விலக வேண்டும் என்று நான் கேட்கவில்லை. கேட்ட கேள்வியை முடிவுவரை யாராவது பின்தொடர்ந்தால்தான் அதற்குப் பலன் உண்டு என்கிறேன்.

சென்ற கூட்டத்தொடரில் பார்வையாளர் மாடத்துக்கு அனுமதிச் சீட்டு வாங்கி ஒரு நாள் வந்திருந்தேன். வினா எண் அழைக்கப்படுவதும், உறுப்பினர் எழுவதும், அமைச்சர் கோப்பைப் பிரிப்பதும் எனக்குப் புதிது. பல உறுப்பினர்கள் கேள்விக்கு வருவதற்கு முன் தங்கள் கட்சித் தலைவருக்கு நன்றி சொல்வதிலேயே நேரம் போனது. கேட்கப்படாத கேள்விகள் பட்டியலின் கீழே தங்கிவிட்டன. அவர்கள் நன்றி சொல்வதைக் குறை சொல்வதற்கில்லை, ஆனால் அதற்குக் கேள்வி நேரம் என்ற இந்த ஒரு மணி நேரம் வேண்டாம் என்று பணிவோடு சொல்கிறேன்.

அன்று பார்த்தவற்றில் ஒன்று மட்டும் மனதில் அப்படியே நிற்கிறது. ஒரு பெண் உறுப்பினர், கடைசி வரிசையில் இருந்து எழுந்தார். குடிநீர்த் தொட்டி ஒன்றைப் பற்றிய கேள்வி. அமைச்சர், “விரைவில் நடவடிக்கை எடுக்கப்படும்” என்றார். அந்த உறுப்பினர் உட்காரவில்லை. “விரைவில் என்றால் எந்த மாதத்துக்குள் என்று அமைச்சர் தெரிவிப்பாரா?” என்று மட்டும் கேட்டார். அமைச்சர் திரும்பி அதிகாரிகள் மாடத்தைப் பார்த்தார். அங்கிருந்து ஒரு துண்டுச் சீட்டு கைமாறிக் கைமாறி வந்தது. அதைப் படித்துவிட்டு, “மார்ச் மாதத்துக்குள் பணி முடியும்” என்றார். மொத்தமே ஒரு நிமிடம் ஆகியிருக்காது. தேதி அந்தத் துறையிடம் ஏற்கெனவே இருந்திருக்கிறது. யாரும் கேட்காததால் வெளியே வரவில்லை. எங்கள் சுகாதார நிலையத்துக்கும் அப்படி ஒரு தேதி ஏதாவது ஒரு கோப்பில் உட்கார்ந்திருக்குமோ என்று அன்று வீடு திரும்பும் வழியெல்லாம் யோசித்தேன். எங்கள் கேள்விக்கு எழுத்துமூலமான பதில்தான் வந்தது. அங்கே எழுந்து நின்று துணைக் கேள்வி கேட்க வழியே இல்லை.

நட்சத்திரக் குறியிட்ட கேள்விக்கு வாய்மொழிப் பதில், துணைக் கேள்வி எல்லாம் உண்டு. குறியில்லாத கேள்விக்குத் தாளில் பதில், அதோடு சரி. மக்களவையில் ஒரு நாளைக்கு வாய்மொழிப் பதிலுக்கு எடுத்துக்கொள்ளப்படுவது 20 கேள்விகள், எழுத்துமூலமான பதிலுக்கு 230. அந்த இருபதிலும் எல்லாமே அவையில் பேசப்படுவதில்லை, நேரம் முடிந்ததும் மீதிப் பதில்கள் அவை முன் வைக்கப்படும். ஆகவே பெரும்பாலான கேள்விகளுக்கு அந்தத் தாள்தான் கதி. தாளில் ‘பரிசீலனையில் உள்ளது’ என்று வந்தால், அதை மறுபடி கேட்க எந்தக் குரலும் அங்கே எழுவதில்லை.

கேள்வி நேரமே இல்லாமல் போன காலமும் உண்டு. 1962இல் சீனப் போரின்போது நாடாளுமன்றத்தில் அது நிறுத்திவைக்கப்பட்டது. 2020 செப்டம்பரில் பெருந்தொற்றைக் காரணம் காட்டி மறுபடி கைவிடப்பட்டது. எழுத்துமூலமான பதில்கள் மட்டும் வந்தன. போரையும் தொற்றையும் புரிந்துகொள்ள முடிகிறது. கூச்சலாலும் வெளிநடப்பாலும் போகும் மணி நேரங்களைத்தான் என்னால் புரிந்துகொள்ள முடியவில்லை. பேரவை ஒத்திவைக்கப்பட்டது என்று செய்தியில் கேட்கும்போதெல்லாம், இன்றைய பட்டியலில் யாருடைய சுகாதார நிலையம் இருந்ததோ என்று மனம் அடித்துக்கொள்கிறது.

அமைச்சர் அவையில் ஒரு வாக்குக் கொடுத்தால் அதைத் தொடர்ந்து கவனிக்க ஏற்பாடே இல்லை என்று நான் சொல்லவில்லை. மக்களவையில் அரசு உறுதிமொழிக் குழு 1953 முதல் இருக்கிறது. ‘பரிசீலனையில் உள்ளது’, ‘கவனிக்கிறேன்’, ‘விசாரித்துத் தெரிவிக்கிறேன்’ போன்ற எந்தெந்தச் சொற்களை உறுதிமொழியாகக் கணக்கில் எடுக்க வேண்டும் என்று அங்கே ஒரு பட்டியலே வைத்திருக்கிறார்கள். கொடுத்த வாக்கை மூன்று மாதத்துக்குள் நிறைவேற்ற வேண்டும், முடியாவிட்டால் குழுவிடம் கூடுதல் அவகாசம் கேட்க வேண்டும். இவற்றைக் கண்காணிக்க நாடாளுமன்ற விவகார அமைச்சகம் 2018இல் இணையவழி ஏற்பாடும் செய்தது. நம் பேரவையிலும் உறுதிமொழிக் குழு இருக்கிறது. அப்படியானால் எனக்கு வந்த பதிலும் ஓர் உறுதிமொழிதானே? அது அந்தக் குழுவின் பதிவேட்டில் ஏறியதா, ஏறாமலே போனதா, ஏறிப் பிறகு கைவிடப்பட்டதா? ஒரு குடிமகனாக இதைத் தெரிந்துகொள்ள எனக்கு வழி தெரியவில்லை. விசாரிக்கப் போன இடத்தில், உறுப்பினர் மூலமாகக் கேட்கச் சொன்னார்கள். உறுப்பினரோ மாறிவிட்டார்.

ஆகவே தங்களிடம் நான் வேண்டிக் கேட்பது இவைதான்.

முதலில், பேரவையில் அமைச்சர்கள் கொடுத்த உறுதிமொழிகள் எல்லாவற்றையும் ஒரே பதிவேடாகப் பேரவையின் இணையதளத்தில் வெளியிட உத்தரவிட வேண்டும். எந்தத் தேதியில், எந்தக் கேள்விக்கு, எந்தத் துறை, என்ன சொன்னது, இப்போது நிலை என்ன என்பது அதில் இருக்க வேண்டும். தொகுதியின் பெயரைத் தட்டினால் அந்தத் தொகுதிக்குச் சொல்லப்பட்டவை முழுவதும் வரிசையாக வர வேண்டும். நாடாளுமன்றத்தின் இணையதளத்தில் உறுப்பினர் பெயரையோ அமைச்சகத்தையோ கொடுத்தால் கேள்வியும் பதிலும் வந்துவிடுகின்றன. அதே வசதி பேரவையிலும், தமிழில், எழுத்துகளைத் தேடக்கூடிய வடிவில் வேண்டும். தாளைப் படம் பிடித்து ஏற்றிவிட்டால் அதில் எதையும் தேட முடியாது. என் கண்ணுக்கும் அது எட்டாது.

அடுத்தது, எனக்கு மிக முக்கியமானது. ‘பரிசீலனையில் உள்ளது’ என்று பதில் தரும் துறை, எந்தத் தேதிக்குள் முடிவு தெரியும் என்பதையும் அதே பதிலில் எழுத வேண்டும். முடியாது என்றால் முடியாது என்றே எழுதட்டும். நிதி இல்லை என்றால் அதையும் எழுதட்டும். இரவில் மருத்துவர் வரமாட்டார் என்று அன்றே தெரிந்திருந்தால், நாங்கள் ஊர்கூடி வேறு ஏற்பாட்டுக்கு முயன்றிருப்போம். ஆறு வருடம் காத்திருந்திருக்க மாட்டோம்.

அதே கேள்வி மறுபடி வந்தால், முந்தைய பதிலையும் அதற்குப் பிறகு நடந்ததையும் குறிப்பிடாமல் புதிய பதில் தரக் கூடாது என்றும் ஒரு விதி வேண்டும். அது இருந்திருந்தால் என்னுடைய இரண்டாவது தாள் இப்படி வந்திருக்காது. ஒத்திவைப்பால் கேள்வி நேரம் போய்விட்ட நாளில், அந்த மணி நேரத்தை அதே கூட்டத்தொடருக்குள் வேறு நாளில் ஈடுகட்ட முடியுமா என்பதையும் அவையின் வேலைகளுக்கு நேரம் ஒதுக்கும் அலுவல் ஆய்வுக் குழுவில் தாங்கள் எடுத்துப் பேச வேண்டும்.

மருத்துவரை நியமிக்கும்படி அரசுக்கு ஆணையிடுவது தங்கள் வேலை இல்லை என்பதை நான் அறிவேன். அது அமைச்சரவையின் பொறுப்பு. ஆனால் அந்த அமைச்சரவை பேரவைக்குக் கூட்டாகப் பொறுப்பேற்க வேண்டும் என்று அரசியல் சட்டத்தின் 164ஆவது பிரிவு சொல்கிறது. பேரவைக்குச் சொன்ன வாக்கு காப்பாற்றப்பட்டதா என்று கேட்கும் இடம் தங்களுடையதுதான். விதிகள் குழுவுக்கும் தாங்களே தலைவர்.

துறைகளுக்கு வேலைப்பளு கூடும் என்று அதிகாரிகள் சொல்லக்கூடும். ஒவ்வொரு பதிலுக்கும் கீழ்நிலை அலுவலகத்திலிருந்து விவரம் திரட்டி, குறிப்பு எழுதி, மேலே கையெழுத்து வாங்குவது லேசான காரியம் இல்லை என்பது எனக்குத் தெரியும். என் அண்ணன் அப்படிப்பட்ட ஓர் அலுவலகத்தில் எழுத்தராக இருந்து ஓய்வுபெற்றவர். கூட்டத்தொடர் நடக்கும் நாட்களில் அவர் வீட்டுக்கு வர இரவு பத்தாகிவிடும். அவர் சொல்வது இது: இல்லாத விவரத்தைத் தேடித்தான் இரவு போகும், தேதியை எழுத ஒரு வரி போதும். சரியான பதிவேடு ஒன்று இருந்தால், அடுத்த முறை அதே விவரத்தை முதலிலிருந்து திரட்ட வேண்டியதும் இருக்காது.

தகவல் உரிமைச் சட்டத்தில் விண்ணப்பித்தால் 30 நாளில் பதில் வரும், அதைச் செய்யலாமே என்று சிலர் எனக்குச் சொன்னார்கள். 2005இல் அந்தச் சட்டத்தை எழுதியவர்களே, நாடாளுமன்றத்துக்கோ சட்டமன்றத்துக்கோ மறுக்க முடியாத தகவலை எந்தத் தனிநபருக்கும் மறுக்கக் கூடாது என்று ஒரு வரியைச் சேர்த்திருந்தார்கள். சட்டமன்றத்துக்குக் கிடைப்பதை அளவுகோலாக வைத்துத்தான் குடிமகனின் உரிமையை அளந்திருக்கிறார்கள். அந்த அளவுகோலிலேயே ‘பரிசீலனையில் உள்ளது’ என்று எழுதியிருந்தால், நான் 30 நாள் காத்திருந்து என்ன தெரிந்துகொள்ள முடியும்?

இந்த மனுவை மனுக்கள் குழுவுக்கோ உறுதிமொழிக் குழுவுக்கோ அனுப்புவது தங்கள் விருப்பம். எதற்கு அனுப்பினாலும், அனுப்பிய தேதியை எனக்கு ஒரு வரியில் தெரிவிக்க வேண்டுகிறேன். நேரில் வரச் சொன்னால் வருகிறேன். மூலத் தாள்கள் இரண்டும் என்னிடம் பத்திரமாக இருக்கின்றன, கொண்டுவந்து காட்டுகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
வாக்காளர்

இணைப்பு:
1. முதல் பதிலின் நகல் – 1 தாள்
2. இரண்டாவது பதிலின் நகல் – 1 தாள்
3. சட்டமன்ற உறுப்பினருக்குக் கொடுத்த கடிதத்தின் நகல் – 2 தாள்கள்